பயம் பெருசா... ஊசி பெருசா?

இன்டர்னல்ஸ் முடிஞ்சதா, இல்ல இன்டர்னல்ஸ் உங்களை முடிச்சதா?

போன வாரம் ஹாஸ்டல் மெஸ் சாப்பாடு பத்தி எழுதினதுக்கு வந்த லெட்டர்கள்ல முக்கால்வாசி சாம்பார் பத்தின ஒப்பாரிதான். சிரிச்சு சிரிச்சுப் படிச்சுட்டு இருந்தப்ப நடுவுல ஒண்ணு. நோட்டுல இருந்து கிழிச்ச ரெண்டு பக்கம். பேர் இல்ல, ஊர் இல்ல. எழுத்து மட்டும் பரீட்சை பேப்பர் மாதிரி குண்டு குண்டா, அழகா இருந்துச்சு. படிச்சு முடிச்சதும் மெஸ் சாம்பார் எல்லாம் மறந்து போச்சு. அதனால இந்த வாரம் முழுக்க அந்த லெட்டர்தான்.

'அக்கா, எனக்கு 19 வயசு. பி.எஸ்ஸி. ரெண்டாவது வருஷம், ஹாஸ்டல்ல இருக்கேன். நாலு மாசத்துக்கு முன்னாடி குளிக்கும்போது இடது மார்புல ஒரு கட்டி கையில பட்டுச்சு. கோலிகுண்டு சைஸ். வலி இல்ல. தொட்டா நழுவி ஓடுது. தானா போயிடும்னு விட்டுட்டேன். போகல. ரூம்மேட்கிட்ட மட்டும் சொன்னேன். அவதான் என்னை இழுத்துட்டுப் போய் ஒரு டாக்டரம்மாகிட்ட காட்டினா. அவங்க பார்த்துட்டு, "பயப்படற மாதிரி தெரியல. ஸ்கேனும் எஃப்.என்.ஏ.சி.யும் பண்ணிட்டு வாம்மா"ன்னு சீட்டு எழுதிக் கொடுத்தாங்க. அந்தச் சீட்டு மூணு வாரமா என் கெமிஸ்ட்ரி ரெக்கார்டு நோட்டுக்குள்ளயே இருக்கு. ஊசி குத்தினா கட்டி உடைஞ்சு உடம்பு பூரா பரவிடும்னு எங்க சித்தி முன்னாடி யாரைப் பத்தியோ சொன்னது ஞாபகம் வருது. அம்மாகிட்ட சொன்னா அழுதே படுத்துடுவாங்க. அப்பாவுக்குத் தெரிஞ்சா படிப்பை நிறுத்திடுவாரோன்னு பயம். நெட்ல தேடினதுல இருந்து தூக்கமே போச்சு. நான் என்னக்கா பண்ணட்டும்?'

தங்கச்சி, முதல்ல ஒரு ரகசியம் சொல்றேன். நீ பயந்துட்டு இருக்கற அந்த ஊசியைக் குத்தறதுதான் என் தொழிலே! நான் ஒரு பத்தாலஜிஸ்ட். ஆஸ்பத்திரியில மைக்ராஸ்கோப்புக்குள்ள தலையை விட்டுட்டு உட்கார்ந்திருக்கற ஆளு. பொதுவா பேஷன்ட் எங்க மூஞ்சியைப் பார்க்க மாட்டாங்க, ரிப்போர்ட்டுல கையெழுத்தைத்தான் பார்ப்பாங்க. நாங்க வெளிய வந்து பேஷன்ட்டோட நேர்ல பேசற ரொம்ப அபூர்வமான வேளைகள்ல ஒண்ணு இந்த எஃப்.என்.ஏ.சி. அதனால இந்த டாபிக்ல கொஞ்சம் அதிகமாவே பேசுவேன், பொறுத்துக்க.

கோலிகுண்டா, எலிக்குஞ்சா?

கட்டின்னு கேட்டதும் எல்லாருக்கும் மனசு நேரா போய் நிக்கற இடம் கேன்சர். நெட்ல தேடினா இன்னும் மோசம். தலைவலின்னு அடிச்சாலே மூளையில கட்டின்னு சொல்ற இடம் அது!

உண்மை என்னன்னா, டீன் ஏஜ்லயும் இருபதுகள்லயும் மார்பகத்துல வர்ற கட்டிகள்ல பெரும்பாலானது கேன்சர் இல்ல. இந்த வயசுல அதிகமா வர்றது ஃபைப்ரோஅடினோமா. பேர்தான் வில்லன் மாதிரி இருக்கு, ஆள் சாது. மார்பகத்துல பால் சுரக்கற பகுதியும், அதைத் தாங்கிப் பிடிக்கற நார்த்திசுவும் ஒரு இடத்துல கொஞ்சம் கூடுதலா வளர்ந்து உருண்டையா நிக்கும். ரப்பர் மாதிரி இருக்கும், வலிக்காது, விரலுக்குச் சிக்காம நழுவும். இந்த ஓட்டத்தைப் பார்த்துதான் டாக்டர்கள் இதுக்கு 'மார்பக எலி'ன்னு பட்டப்பேர் வச்சிருக்காங்க. நீ எழுதியிருக்கற வர்ணனை அச்சு அசல் அதேதான்.

இது தவிர தண்ணி கோத்த நீர்க்கட்டி இருக்கலாம். பீரியட்ஸுக்கு முன்னாடி வீங்கி, முடிஞ்சதும் வடியற வீக்கமா இருக்கலாம். சீழ் கட்டியிருக்கலாம். நம்ம ஊர்ல டி.பி. கிருமிகூட எப்பவாவது மார்பகத்துல கட்டியா வந்து நிக்கும்.

அப்போ கவலையே வேண்டாமா? இங்கதான் ஒரு பிரேக் போடணும். இந்தியாவுல பெண்களுக்கு வர்ற புற்றுநோய்கள்ல முதல் இடம் மார்பகப் புற்றுநோய்க்குத்தான். 19 வயசுல அது ரொம்ப ரொம்ப அபூர்வம். ஆனா அபூர்வம் வேற, நடக்கவே நடக்காதுங்கறது வேற. கையால தொட்டுப் பார்த்தே சத்தியம் பண்ணிட முடியாது. உன்னைப் பார்த்த டாக்டரம்மா 'பயப்படற மாதிரி தெரியல'ன்னு சொன்னதோட நிறுத்தாம சீட்டும் எழுதினாங்க பாரு, அங்கதான் அவங்க கெட்டிக்காரத்தனம்.

ஊசி ரூமுக்குள்ள என்னதான் நடக்குது?

எஃப்.என்.ஏ.சி.ன்னா ஃபைன் நீடில் ஆஸ்பிரேஷன் சைட்டாலஜி. ஒல்லி ஊசியால உறிஞ்சி, வர்ற செல்களைப் பார்க்கறது. அவ்ளோதான் மேட்டர்.

ஊசி எவ்ளோ ஒல்லி? ஊசியோட சைஸை கேஜ்னு சொல்வாங்க. நம்பர் ஏற ஏற ஊசி இளைக்கும். நாங்க எடுக்கறது 22-ல இருந்து 25 கேஜ் வரை. 23 கேஜ் ஊசியோட குறுக்களவு ஒரு மில்லிமீட்டர்ல சுமார் முக்கால் பங்குகூட இல்ல. லேப்ல ரத்தம் எடுக்கறாங்களே, அதுக்கு வழக்கமா எடுக்கற ஊசியே இதைவிடக் கொஞ்சம் தடிமன். நீ மூக்கு குத்தியிருந்தா, இதைவிடப் பெரிய சாகசத்தை ஏற்கெனவே முடிச்சுட்டே!

உன்னைப் படுக்க வைப்பாங்க. தோலை ஸ்பிரிட் போட்டுத் துடைப்பாங்க. டாக்டர் ரெண்டு விரலால கட்டியை அசையாம பிடிப்பார். உன்னோடது நழுவற கட்டியாச்சே, அதனால பிடிக்கறதுலதான் எங்களுக்கு வேலை அதிகம். அப்புறம் ஊசி உள்ள போகும். சிரிஞ்சோட பின்பக்கத்தை இழுத்து உள்ள காத்தில்லாம பண்ணி, ஊசியை முன்னும் பின்னுமா சில தடவை சின்னதா அசைப்பாங்க. ஊசி முனை கட்டியில இருந்து செல்களைச் சுரண்டி எடுக்கும், அந்த உறிஞ்சல் அதை ஊசிக்குழாய்க்குள்ள பிடிச்சு வச்சுக்கும்.

வெளிய எடுக்கறதுக்கு முன்னாடி இழுப்பை விட்டுடணும். இது எங்க தொழில் நுணுக்கம். மறந்துட்டா எல்லாம் சிரிஞ்சுக்குள்ள பாய்ஞ்சு சுவர்ல ஒட்டிக்கும். அப்புறம் பேஷன்ட்டை இன்னொரு தடவை குத்தணும், அவங்க நம்மளை முறைப்பாங்க. ட்ரெய்னிங்ல நான் அப்படி ஒரு பாட்டிகிட்ட வாங்கின திட்டு இன்னும் காதுலயே இருக்கு.

ஒரு குத்து சில விநாடிதான். கட்டியோட வேற வேற பகுதியில இருந்து செல் வேணும்ங்கறதால ரெண்டு மூணு தடவை குத்தலாம். மரத்துப்போற ஊசி பொதுவா போட மாட்டோம், ஏன்னா அதுவும் ஒரு குத்துதானே! முடிஞ்சதும் பஞ்சை வச்சு அஞ்சு நிமிஷம் அழுத்திப் பிடிச்சுக்கணும். இது சின்ன விஷயம் மாதிரி தெரியும், ஆனா ரத்தம் கட்டாம இருக்க இதுதான் வழி. தையல் கிடையாது, தழும்பு கிடையாது, அட்மிஷன் கிடையாது. மத்தியான கிளாஸுக்குத் திரும்பிடலாம். (ஸாரி, லீவு லெட்டருக்கு இது செட்டாகாது!) ரெண்டு நாள் லேசா வலிக்கலாம், கொஞ்சம் கன்னிப் போகலாம்.

கண்ணாடித் தட்டுல ஒரு ஜோசியம்

ஊசிக்குள்ள வந்தது என்னவோ ஒண்ணு ரெண்டு சொட்டுதான். அதைக் கண்ணாடித் தட்டுல விட்டு, இன்னொரு தட்டால மெல்லிசா தேய்ப்போம். தோசைக்கல்லுல நீர்தோசை ஊத்தற பதம் வேணும். தடிமனா போச்சுன்னா ஒண்ணும் தெரியாது, அழுத்தித் தேய்ச்சா செல் நசுங்கிடும்.

சில தட்டுகளை உடனே ஆல்கஹால்ல முக்குவோம். சிலதைக் காத்துலயே காய விடுவோம். ரெண்டுக்கும் வேற வேற சாயம். முதல் வகைக்குப் போடற சாயம் கிரேக்க நாட்டுல பிறந்து அமெரிக்காவுல வேலை பார்த்த பாபனிகோலாவு பேர்ல இருக்கு. கர்ப்பப்பை வாய்க்கு 'பாப் ஸ்மியர்'னு ஒரு டெஸ்ட் கேள்விப்பட்டிருப்பீங்களே, அதே பாப்தான் இவர்.

இப்போ மைக்ராஸ்கோப். ஃபைப்ரோஅடினோமான்னா செல்கள் கூட்டமா, விரிப்பு விரிப்பா, ஒண்ணை ஒண்ணு விடாம இருக்கும். அந்தக் கூட்டத்தோட ஓரம் மான் கொம்பு மாதிரி கிளை கிளையா நீளும். சுத்தி வெறும் உட்கருக்கள் எள்ளைத் தெளிச்ச மாதிரி கிடக்கும். அங்கங்க நார்த்திசு துண்டுகளும் தெரியும். இந்த மூணையும் ஒண்ணா பார்த்தா எனக்கு ஒரு பெருமூச்சு வரும் பாரு, அது பேஷன்ட்டுக்குக் கேக்காது.

கேன்சர்னா கதையே வேற. செல்கள் கட்டுப்பாடு இல்லாம தனித்தனியா சிதறும். உட்கரு வீங்கி, ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமில்லாத சைஸ்ல இருக்கும். அந்த எள்ளு உட்கருக்களைப் பெரும்பாலும் காணவே காணோம். கேன்சர் செல்களுக்கு ஒண்ணோட ஒண்ணு ஒட்டற குணம் குறைஞ்சு போறதால, ஊசிக்கு அதுங்க சுலபமாவே வந்துடும்.

நீர்க்கட்டின்னா இன்னும் ஜாலி. ஊசி போனதும் வெளிர் மஞ்சளாவோ பச்சையாவோ தண்ணி வரும், கட்டி அங்கயே சுருங்கிக் காணாம போயிடும். டெஸ்ட்டே ட்ரீட்மென்ட்டா முடிஞ்சுரும். தண்ணியில ரத்தம் கலந்திருந்தாலோ, தண்ணி எடுத்த பிறகும் கட்டி மிச்சம் இருந்தாலோ மட்டும் மேல பார்ப்போம்.

ஊசிக்கு ஒரு ஃப்ளாஷ்பேக்

இது நேத்து வந்த டெக்னிக் இல்ல. 1930-லயே நியூயார்க் மெமோரியல் ஆஸ்பத்திரியில ஹேஸ் மார்ட்டின், எட்வர்ட் எல்லிஸ்னு ரெண்டு பேர், கட்டியில ஊசி போட்டு உறிஞ்சிப் பார்க்கறதைப் பத்தி எழுதிட்டாங்க. அப்போ அவங்க எடுத்தது 18 கேஜ், கொஞ்சம் தடி ஊசி. அமெரிக்காவுல அது பெருசா பிடிக்கல. திசுவை முழுசா வெட்டிப் பார்த்தாதான் நம்புவோம்னு மத்த டாக்டர்கள் இருந்துட்டாங்க.

அதைத் தூக்கி நிறுத்தினது ஸ்வீடன். ஸ்டாக்ஹோம்ல கரோலின்ஸ்கா மருத்துவமனையில 1950-கள், 60-கள்ல சிக்ஸ்டன் ஃப்ரான்சேன், யோசப் சாயிசெக் மாதிரி ஆளுங்க ஒல்லி ஊசியைக் கையில எடுத்து ஆயிரக்கணக்கான கட்டிகளைப் பார்த்தாங்க. ஊசி சொன்னதையும், ஆபரேஷன்ல கிடைச்சதையும் ஒப்பிட்டுப் பார்த்து உலகத்தை நம்ப வச்சாங்க. அங்க இருந்துதான் இது ஊர் ஊரா பரவுச்சு. பெரிய மெஷின் வேண்டாம், கரன்ட் வேண்டாம். ஊசி, சிரிஞ்சு, கண்ணாடித் தட்டு, சாயம், மைக்ராஸ்கோப், அனுபவமுள்ள ஒரு ஜோடிக் கண். நம்ம நாட்டுக்கு இது கச்சிதமா பொருந்தினதுல ஆச்சரியமே இல்ல.

மூணு பேர் சொன்னாதான் தீர்ப்பு

ஊசி ஒண்ணே போதுமா? போதாது. இதை எங்க ஆளுங்களே ஒத்துக்கறோம்.

மார்பகக் கட்டிக்கு மூணு சாட்சி வேணும். டாக்டர் கையால தொட்டுப் பார்க்கறது முதல் சாட்சி. ஸ்கேன் ரெண்டாவது. சின்ன வயசுல மார்பகம் அடர்த்தியா இருக்கும், மேமோகிராம்ல சரியா தெரியாது. அதனால உங்க வயசுக்கு அல்ட்ராசவுண்ட்தான். இதுல கதிர்வீச்சும் கிடையாது. ஊசி மூணாவது. மூணும் ஒரே குரல்ல 'சாது'ன்னு சொன்னா அது கேன்சரா இருக்கற வாய்ப்பு நூத்துல ஒண்ணுக்கும் கீழ. ஒரு சாட்சி மாத்திச் சொன்னாகூட விட மாட்டோம், மேல தோண்டுவோம்.

ரிப்போர்ட் கையில வந்ததும் பதறாம படிக்க ஒரு டிப்ஸ். நிறைய லேப்ல அஞ்சு படி வச்சு எழுதுவாங்க. சி1-னா செல் போதல, ரிசல்ட் சொல்ல முடியல. சி2-ன்னா சாதுவான கட்டி. சி3-ன்னா செல் கொஞ்சம் வித்தியாசமா இருக்கு, ஆனா அநேகமா சாது. சி4-ன்னா சந்தேகம். சி5-ன்னா கேன்சர். 2020-ல யோகோஹாமா சிஸ்டம்னு ஒண்ணை வெளியிட்டாங்க. அதுலயும் இதே மாதிரி அஞ்சு படிதான். சி1-ஐப் பார்த்து 'ஐயையோ'ன்னு அலற வேண்டாம், 'அப்பாடா'ன்னும் விட வேண்டாம். அது பாஸும் இல்ல, ஃபெயிலும் இல்ல, ஆப்சென்ட்! திரும்ப எழுதணும்.

ஊசிக்குத் தெரியாத விஷயங்களும் இருக்கு. இது செல்லைத்தான் பார்க்குது, திசுவோட கட்டமைப்பைப் பார்க்கறதில்ல. அதனால கேன்சர்னு தெரிஞ்சாலும், அது பால் குழாய்க்குள்ளயே நிக்குதா, சுவரைத் தாண்டிடுச்சான்னு சொல்ல முடியாது. ஃபைப்ரோஅடினோமாவுக்கு ஃபில்லோட்ஸ்னு ஒரு சொந்தக்காரன் உண்டு. சீக்கிரமா வளர்வான். செல்லை மட்டும் வச்சு ரெண்டு பேரையும் பிரிக்கறது கஷ்டம்.

அந்த மாதிரி இடத்துல கோர் பயாப்ஸி. வழக்கமா 14 கேஜ் ஊசி, மரத்துப்போக மருந்து போட்டு, நூல் மாதிரி ஒரு துண்டு திசுவை எடுப்பாங்க. எந்த ஹார்மோன் மருந்து வேலை செய்யும்ங்கறது வரைக்கும் அதுல பார்க்கலாம். நிறைய வெளிநாடுகள்ல இப்போ நேரா கோர் பயாப்ஸிக்கே போயிடறாங்க. நம்ம ஊர்லயும் பெரிய சென்டர்கள்ல அது சகஜமாயிடுச்சு. ஆனா சீக்கிரமா, குறைஞ்ச செலவுல முதல் பதில் வேணும்னா இன்னைக்கும் எஃப்.என்.ஏ.சி.க்கு மவுசு இருக்கு. உனக்கு எது வேணும்னு டாக்டர் சொல்வாங்க. 'கோர் பயாப்ஸி'ன்னு எழுதிட்டாலே கேன்சர்னு முடிவு கட்டிக்காத.

சித்தி சொன்னது நிஜமா?

உங்க சித்தி மட்டும் இல்ல தங்கச்சி, எங்க லேப் வாசல்ல உட்கார்ந்திருக்கறவங்கள்ல நிறைய பேர் கேக்கற கேள்வி இதுதான். 'ஊசி பட்டா பரவிடுமாமே?'

இந்த ஊசியைப் போட்டதால மார்பகக் கேன்சர் பரவி, ஆயுள் குறைஞ்சு போச்சுங்கறதுக்கு ஆதாரம் கிடையாது. பல பத்து வருஷமா உலகம் முழுக்கப் போட்டுட்டு இருக்காங்க. அப்புறம் ஏன் இந்தக் கதை ஓடுது? ஒருத்தங்க கட்டியை ஒரு வருஷம் மறைச்சு வச்சிருப்பாங்க. தாங்க முடியாம போனப்புறம் ஆஸ்பத்திரிக்கு வருவாங்க. ஊசி போட்டு, கேன்சர்னு ரிப்போர்ட் வரும். கொஞ்ச நாள்ல இறந்தும் போயிடுவாங்க. ஊர்க்காரங்க கண்ணுக்குத் தெரிஞ்சது ஊசி மட்டும்தான். அந்த ஒரு வருஷம் யார் கண்ணுக்கும் தெரியல.

இப்படி ஒரு அம்மா எங்க லேபுக்கு வந்தாங்க. நாப்பது, நாப்பத்தஞ்சு வயசு இருக்கும். கூட வந்தது காலேஜ் படிக்கற பொண்ணு. கட்டி எப்போ இருந்துன்னு கேட்டேன். அந்த அம்மா பொண்ணோட முகத்தைப் பார்த்துட்டு, "இவ பன்னெண்டாவது பரீட்சை எழுதிட்டு இருந்தா"ன்னாங்க. பொண்ணு அப்போ காலேஜ்ல ரெண்டாவது வருஷம். பரீட்சை முடியட்டும், அட்மிஷன் முடியட்டும், ஃபீஸ் கட்டட்டும்னு ஒவ்வொண்ணா தள்ளிப் போட்டு ஒன்றரை வருஷம். தோல் குழிஞ்சு உள்ள இழுத்திருந்துச்சு, அக்குள்லயும் கட்டி. தட்டைப் பார்க்கறதுக்கு முன்னாடியே எனக்குத் தெரிஞ்சு போச்சு. அந்தப் பொண்ணு வெளிய வந்து என்கிட்ட கேட்டது ஒரே கேள்வி: "அப்பவே வந்திருந்தா?" பதில் சொல்ல எனக்கு வாய் வரல. ட்ரீட்மென்ட் ஆரம்பிச்சாங்க. அப்புறம் அவங்களைப் பத்தி எனக்குத் தகவல் இல்ல. ஆனா அந்தக் கேள்வி இன்னும் என் மேஜை மேலயே இருக்கு.

உன் கட்டி அந்த மாதிரி இருக்கும்னு சொல்லல தங்கச்சி. உன் ரெக்கார்டு நோட்டுக்குள்ள இருக்கற சீட்டைப் பத்திச் சொல்றேன்.

அம்மாகிட்ட எப்படிச் சொல்றது?

18 முடிஞ்சவங்க இந்த டெஸ்ட்டுக்குத் தாங்களே கையெழுத்துப் போடலாம், சட்டம் தடுக்கல. ரூம்மேட்டோட போயிட்டு வந்துடலாம். ஆனா முடிஞ்சா அம்மாகிட்ட சொல்லு. ராத்திரி போன்ல 'அம்மா, கட்டி'ன்னு ஆரம்பிச்சு அழ வேண்டாம். ஊருக்குப் போறப்ப நேர்ல, சமையல்கட்டுல, அப்பா இல்லாதப்ப சொல்லு. 'டாக்டர் பார்த்துட்டாங்க, பயமில்லைன்னுட்டாங்க, ஒரு ஊசி டெஸ்ட் மட்டும் பாக்கி, நீ கூட வர்றியா?' இப்படிச் சொன்னா அம்மாவுக்கும் ஒரு வேலை கிடைச்சுடும். வேலை இருந்தா அம்மாக்கள் அழ மாட்டாங்க, பையை எடுத்துட்டுக் கிளம்பிடுவாங்க!

இன்னொண்ணு. 'எனக்கும் உன் வயசுல ஒண்ணு இருந்துச்சு'ன்னு அம்மாவே சொன்னாலும் ஆச்சரியப்படாத. வீட்டுக்கு வீடு இருக்கற விஷயம், பேசறதுதான் இல்ல.

இந்த நோயோட வேதனை தெரிஞ்சவங்கதான் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. 1912-ல மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ்ல டாக்டர் பட்டம் வாங்கினவங்க. தங்கச்சியைக் கேன்சருக்குப் பறிகொடுத்தவங்க. அந்தத் துயரத்துல இருந்து வந்ததுதான் அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட். 1954-ல வெறும் 12 படுக்கையோட ஆரம்பிச்சது. ஒரு அக்காவோட கண்ணீர் எத்தனை குடும்பத்துக்கு வழி காட்டியிருக்கு பாருங்க.

பசங்களா, நில்லுங்க!

'இது கேர்ள்ஸ் மேட்டர்'னு பக்கத்தைத் திருப்பறவங்க கொஞ்சம் நில்லுங்க. டீன் ஏஜ்ல நிறைய பசங்களுக்கு மார்புல காம்புக்குக் கீழ தட்டு மாதிரி ஒரு வீக்கம் வரும். ஹார்மோன் ஆட்டம். பேர் கைனகோமாஸ்டியா. பெரும்பாலும் தானா அடங்கிடும். ஜிம்ல 'சீக்கிரம் பாடி ஏத்தலாம்'னு யாரோ கொடுக்கற ஸ்டீராய்டு ஊசியாலயும் வரும். கிண்டலுக்குப் பயந்து டி-ஷர்ட்டுக்கு மேல சட்டை போட்டு அலையறவங்க எத்தனை பேர்! ஒரு பக்கம் மட்டும், கல்லு மாதிரி கட்டி இருந்தா உங்களுக்கும் இதே ஊசிதான். மார்பகக் கேன்சர் நூறு பேருக்கு வந்தா அதுல ஒருத்தர் ஆண்.

அடுத்தது, உங்க ஃப்ரெண்டோ தங்கச்சியோ இந்த மாதிரி விஷயத்தைத் தயங்கித் தயங்கிச் சொன்னா, ஜோக் அடிக்காதீங்க. 'எப்போ போறே, பைக் எடுக்கட்டுமா?'ன்னு கேளுங்க. ஹீரோயிசம்னா அதுதான்.

சட்டுனு சில டவுட்ஸ்

ஆம்பளை டாக்டரா இருந்தா?
லேடி டாக்டர் வேணும்னு கேக்கலாம், தப்பே இல்ல. இல்லைன்னாலும் ஒரு நர்ஸோ அம்மாவோ கூட இருக்கணும்னு கேளுங்க. அது உங்க உரிமை. நல்ல டாக்டர் கேக்கறதுக்கு முன்னாடியே கூப்பிடுவார்.

ஸ்கேன் முன்னாடியா, ஊசி முன்னாடியா?
ஸ்கேன் முன்னாடி. ஊசி போட்டா உள்ள லேசா ரத்தம் கட்டலாம், அது ஸ்கேனைக் குழப்பும்.

வெறும் வயித்துல போகணுமா?
வேண்டாம். நல்லா சாப்பிட்டுட்டே போங்க. பசியும் பயமும் சேர்ந்தாதான் மயக்கம் வரும். ரத்தம் உறையாம இருக்க ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்கன்னா முன்கூட்டியே சொல்லிடுங்க.

ஃபைப்ரோஅடினோமான்னா ஆபரேஷனா?
எல்லாருக்கும் இல்ல. நிறைய பேருக்குச் சும்மா விட்டு, சில மாசத்துக்கு ஒரு தடவை பார்த்தாலே போதும். சிலருக்குத் தானே சுருங்கும். பெருசாகிட்டே போனாலோ, தொந்தரவா இருந்தாலோ, ரிப்போர்ட்டுல சந்தேகம் இருந்தாலோ எடுப்பாங்க.

கல்யாணம், குழந்தை, தாய்ப்பால்?
அந்த ஊசியால எதுக்கும் ஒரு சிக்கலும் இல்ல. சாதாரண ஃபைப்ரோஅடினோமா கல்யாணத்துக்கும் எதிரி இல்ல, தாய்ப்பாலுக்கும் எதிரி இல்ல.

எப்போ லேட் பண்ணவே கூடாது?
கட்டி கல்லு மாதிரி, நகராம இருந்தா. வேகமா வளர்ந்தா. மேல தோல் குழிஞ்சா, ஆரஞ்சுத் தோல் மாதிரி ஆனா. காம்பு புதுசா உள்ள இழுத்தா, அதுல ரத்தம் வந்தா. அக்குள்ல கட்டி வந்தா. அம்மாவுக்கோ அக்காவுக்கோ சின்ன வயசுலயே இந்தக் கேன்சர் வந்திருந்தா, எந்தக் கட்டியா இருந்தாலும் முதல்லயே டாக்டர்கிட்ட சொல்லிடுங்க. வலி இல்லைங்கறது மட்டும் நல்ல சர்டிஃபிகேட் கிடையாது.

தங்கச்சி, கடைசியா...

நாலு மாசமா நீ தனியா தூக்கிட்டு அலையறது ஒரு கோலிகுண்டு இல்ல, அதோட வெயிட் எனக்குத் தெரியும். எப்படித் தெரியும்னு கேக்கறியா? ஹவுஸ் சர்ஜன் படிக்கறப்ப எனக்கும் ஒண்ணு இருந்துச்சு. டாக்டருக்குப் படிச்சும் ஆறு வாரம் யார்கிட்டயும் சொல்லாம இருந்த முட்டாள் நான். கடைசியில என் ப்ரொஃபசரே குத்தினாங்க. சாயம் காயற வரைக்கும் காரிடார்ல நடந்துட்டே இருந்தேன். கூப்பிட்டு மைக்ராஸ்கோப் முன்னாடி உட்கார வச்சு, "நீயே பாரு"ன்னாங்க. மான் கொம்பு! வாழ்க்கையில நான் பார்த்ததுலயே அழகான மான் அதுதான்.

அதனால ரெக்கார்டு நோட்டைத் திற. சீட்டை எடு. திங்கட்கிழமை ஓ.பி.க்குப் போ. அரசு மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிகள்ல பத்தாலஜி டிபார்ட்மென்ட்லயே இதைப் பண்ணுவாங்க. கூட ரூம்மேட்டைக் கூட்டிட்டுப் போ. (ரூம்மேட் மேடம், உங்களுக்கு ஒரு ஸ்பெஷல் சல்யூட். இழுத்துட்டுப் போனீங்க பாருங்க, அதுக்கு!)

ரிசல்ட் வந்ததும் ஒரு வரி எழுதிப் போடு. பேர் வேண்டாம், ஊர் வேண்டாம். அந்தக் குண்டுக் கையெழுத்தைப் பார்த்தாலே நீதான்னு எனக்குத் தெரிஞ்சுடும். காத்துட்டு இருப்பேன்.

மத்தவங்களுக்கு... அடுத்த வாரம் 'எக்ஸாம் ராத்திரியும் எட்டு கப் டீயும்'. அதுவரைக்கும் டேக் கேர், பை!